நேரியலற்ற சமன்பாடு எப்போது வழிக்கு வரும்?

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை (இடம், காலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளைப் பொறுத்து ஒரு சார்பு எப்படி மாறுகிறது என்று சொல்பவை) படிக்கத் தொடங்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் ஒரு ஏமாற்றம் வரும். வெப்பச் சமன்பாடு, அலைச் சமன்பாடு, லாப்லாஸ் சமன்பாடு மூன்றையும் அழகாகத் தீர்த்துக் காட்டுவார்கள், மாறிகளைப் பிரிப்பதும் ஃபூரியர் தொடர் போடுவதும் கைக்குப் பழகும், அப்புறம் ஒருநாள் "இது நேரியலற்றது, கணினியில்தான் போட வேண்டும்" என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வரி பெரும்பாலான சமன்பாடுகளுக்குப் பொருந்தும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சில நேரியலற்ற சமன்பாடுகளுக்குத் தாளும் பேனாவும் இருந்தாலே தீர்வை எழுதிவிடலாம். எவற்றுக்கு முடியும், ஏன் அவற்றுக்கு மட்டும் முடிகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுமையாகத் தீரும் நேரியலற்ற சமன்பாட்டைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அனேகமாக அடியில் ஒரு நேரியல் சமன்பாடு படுத்திருக்கும்.

நேரியல் என்றால் என்ன என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு சமன்பாட்டுக்கு இரண்டு தீர்வுகள் தெரியும். இரண்டையும் கூட்டினால் வருவதும் தீர்வு, ஒன்றை ஐந்தால் பெருக்கினாலும் தீர்வு என்றால் அது நேரியல். ஃபூரியர் முறை முழுக்க இந்த ஒரு வசதியில்தான் ஓடுகிறது: கரடுமுரடான தொடக்க நிலையைச் சின்னச் சின்னச் சைன் அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் போக்கில் விட்டு, கடைசியில் கூட்டிவிடலாம். சமன்பாட்டுக்குள் தெரியாத சார்பின் வர்க்கமோ, சார்பும் அதன் வகைக்கெழுவும் பெருகி வரும் உறுப்போ நுழைந்துவிட்டால் இந்த வசதி போய்விடும். (அ + ஆ)² என்பதை விரித்தால் நடுவில் 2அஆ என்று ஒன்று வருமே, அதுதான் காரணம். ஒரு அலை இன்னொன்றின் விஷயத்தில் தலையிடத் தொடங்கிவிடுகிறது, தனித்தனியாக விட முடியாது.

இருப்பதிலேயே எளிய ஒன்றைப் பார்ப்போம். ஒரு நேர்கோட்டில் துகள்கள் ஓடுகின்றன, எந்தத் துகளும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதில்லை. இடத்தை இ என்றும் காலத்தை கா என்றும், அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருக்கும் துகளின் வேகத்தை வ என்றும் எழுதுகிறேன். இடத்தைப் பொறுத்த வகைக்கெழுவைச் சரிவு என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம். அப்போது சமன்பாடு இது:

வ-வின் கால வகைக்கெழு + வ × (வ-வின் சரிவு) = 0

இரண்டாவது உறுப்பில் வ-வும் அதன் சரிவும் பெருகி நிற்பதால் இது நேரியலற்றது. ஆனால் "எந்தத் துகளும் தன் வேகத்தை மாற்றாது" என்ற ஒரே செய்தியைத்தான் இது சொல்கிறது, ஆகவே துகளின் பின்னாலேயே போனால் தீர்வு கிடைத்துவிடும். தொடக்கத்தில் வ = இ என்று வைத்துக்கொள்ளுங்கள். அ என்ற இடத்தில் இருந்த துகளின் வேகம் அ, எனவே கா நேரம் கழித்து அது அ(1 + கா) என்ற இடத்தில் இருக்கும். திருப்பி எழுதினால் வ = இ ÷ (1 + கா). அவ்வளவுதான்.

இப்போது குறியை மட்டும் மாற்றி, தொடக்கத்தில் வ = −இ என்று வையுங்கள். வலப்பக்கம் இருப்பவை இடப்பக்கமாகவும் இடப்பக்கம் இருப்பவை வலப்பக்கமாகவும் ஓடி வருகின்றன. தீர்வு வ = −இ ÷ (1 − கா). கா = 1 ஆகும்போது கீழே சுழி வந்துவிடுகிறது, எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன. சாலையில் முன்னால் போகும் வண்டி மெதுவாகவும் பின்னால் வருவது வேகமாகவும் போனால் நடப்பதுதான். சூத்திரம் இருப்பதால் எப்போது முட்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது, அதுதான் வெளிப்படையான தீர்வின் அருமை.

இதே சமன்பாட்டில் தொடக்க நிலை சைன் அலையாக இருந்தால்? அதே முறையில் போனால் வ = சைன்(இ − வ × கா) என்று வரும். கவனியுங்கள், வ இரண்டு பக்கமும் நிற்கிறது. இதைப் பிரித்து வ-வைத் தனியாக இடப்பக்கம் நிறுத்த நமக்குப் பழகிய சார்புகள் போதாது. இதைத் தீர்வு என்று சொல்லலாமா? நான் சொல்வேன். வகைக்கெழுவெல்லாம் போய்விட்டது, மிச்சம் இருப்பது ஒரு சாதாரணச் சமன்பாடு. வரைபடம் போட்டுக்கூட வ-வைப் படித்துவிடலாம். "வெளிப்படையாகத் தீரும்" என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அடுத்த சமன்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே சொன்ன துகள்களுக்குக் கொஞ்சம் பாகுநிலையைக் கொடுப்போம்: பக்கத்துத் துகள்கள் ஒன்றையொன்று இழுத்து, வேக வித்தியாசத்தைத் தணிக்கின்றன.

வ-வின் கால வகைக்கெழு + வ × (வ-வின் சரிவு) = வ-வின் இரண்டாம் சரிவு

இதற்குப் பர்கர்ஸ் சமன்பாடு என்று பெயர். (இரண்டாம் சரிவு என்பது சரிவின் சரிவு.) முதல் பார்வையில் முன்னதைவிட மோசமாகிவிட்டது, ஏனென்றால் இப்போது எந்தத் துகளும் தன் வேகத்தைக் காப்பாற்றுவதில்லை, பின்னால் போகும் தந்திரம் செல்லாது. ஆனால் 1950-இல் ஹாப்ஃபும் 1951-இல் கோலும் ஒரு மாற்றத்தைப் போட்டு இதை முழுக்கத் தீர்த்துக் காட்டினார்கள். இதை யாராவது சொல்லிக் கேட்பதைவிடக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும், ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வ என்பதை ம என்ற இன்னொரு சார்பின் சரிவு என்று எழுதுங்கள். பர்கர்ஸ் சமன்பாட்டை இடத்தைப் பொறுத்து ஒருமுறை தொகையிட்டால் இப்படி வரும்:

ம-வின் கால வகைக்கெழு + ½ × (ம-வின் சரிவு)² = ம-வின் இரண்டாம் சரிவு

இரண்டாம் படி: ம = −2 × மடக்கை(ப) என்று வையுங்கள். ப-வின் சரிவைப் ப-வால் வகுத்தால் வருவதை ர என்று அழைப்போம். அப்போது ம-வின் சரிவு −2ர. அதன் வர்க்கத்தில் பாதி 2ர². வலப்பக்கம் இரண்டாம் சரிவு வேண்டும். வகுத்தல் விதியைப் போட்டால் −2 × (ப-வின் இரண்டாம் சரிவு ÷ ப) + 2ர² என்று வருகிறது. இடப்பக்கம் ஒரு 2ர², வலப்பக்கம் ஒரு 2ர². இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மீதியைப் −2-ஆல் வகுத்துப் ப-வால் பெருக்கினால் மிஞ்சுவது:

ப-வின் கால வகைக்கெழு = ப-வின் இரண்டாம் சரிவு

வெப்பச் சமன்பாடு! இரண்டாம் ஆண்டில் ஃபூரியர் தொடர் போட்டுத் தீர்த்தோமே, அதே பழைய வெப்பச் சமன்பாடு. முதல்முறை இதைப் போட்டபோது அந்த 2ர² அடிபடும் இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். −2 என்ற எண்ணுக்குப் பதில் வேறு எதைப் போட்டாலும் அடிபடாது. நேரியலின்மை முழுவதையும் அந்த மடக்கை விழுங்கிக்கொள்கிறது.

இதனால் என்ன பயன் என்று பார்ப்போம். தன் சரிவும் தானேயாக இருக்கும் சார்பை, அதாவது அடுக்குக்குறிச் சார்பை, அடுக்கு(…) என்று எழுதுகிறேன். அடுக்கு(கா − இ) வெப்பச் சமன்பாட்டின் தீர்வு. அடுக்கு(4கா − 2இ)-யும் தீர்வு. 1 என்ற மாறிலியும் தீர்வு. நேரியல் என்பதால் எவற்றை வேண்டுமானாலும் கூட்டலாம்.

முதலில் ப = 1 + அடுக்கு(கா − இ) என்று எடுத்து, வ = −2ர என்று திருப்பிப் போடுங்கள். கிடைப்பது ஒரு படிக்கட்டு: இடப்பக்கம் வெகுதூரத்தில் வேகம் 2, வலப்பக்கம் வெகுதூரத்தில் 0, நடுவில் வழவழவென்று ஓர் இறக்கம், அந்த இறக்கம் 1 என்ற வேகத்தில் வலப்பக்கம் நகர்கிறது. இப்போது மூன்றையும் கூட்டுங்கள், ப = 1 + அடுக்கு(கா − இ) + அடுக்கு(4கா − 2இ). கா = −10 என்ற நேரத்தில் இரண்டு படிகள் தெரியும். ஒன்று −10-இல், வேகம் 2-இலிருந்து 0-க்கு இறங்குகிறது. இன்னொன்று −30-இல், 4-இலிருந்து 2-க்கு இறங்குகிறது. முன்னது 1 என்ற வேகத்தில் நகர, பின்னது 3 என்ற வேகத்தில் துரத்துகிறது. கா = 0 வாக்கில் பிடித்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒரே படிதான், 4-இலிருந்து நேரே 0-க்கு இறங்கி, 2 என்ற வேகத்தில் போகிறது; கா = 10 ஆகும்போது 20-இல் நிற்கும். ஒரு அதிர்ச்சி அலை (இப்படி நகரும் படிக்கு அதுதான் பெயர்) இன்னொன்றைத் துரத்திப் பிடித்து விழுங்கும் முழுக் கதையும் மூன்று உறுப்புகளின் கூட்டலுக்குள் இருக்கிறது. நேரியல் உலகத்தில் கூட்டல், நம் உலகத்தில் மோதல்.

இதுபோல மாறியை மாற்றினாலே தீர்ந்துவிடும் சமன்பாடுகள் இன்னும் சில உண்டு. லியூவில் 1853-இல் தீர்த்த சமன்பாட்டுக்கு, எந்த இரண்டு சார்புகளைக் கொடுத்தாலும் ஒரு தீர்வு தரும் பொதுச் சூத்திரமே இருக்கிறது. ஒரு பரிமாண வாயு ஓட்டத்துக்கு ரீமன் வேறு வழி போட்டார்: இடமும் காலமும் தெரிந்தவை, வேகமும் அடர்த்தியும் தெரியாதவை என்பதைத் தலைகீழாக்கி, வேகமும் அடர்த்தியும் தெரிந்தால் இடமும் காலமும் என்ன என்று கேட்டார். அப்படிக் கேட்டதும் சமன்பாடு நேரியலாகிவிடுகிறது.

ஆனால் எல்லாம் இவ்வளவு நேரடியாக வழிக்கு வராது. 1834 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு அருகே யூனியன் கால்வாயில், இரண்டு குதிரைகள் இழுத்துச் சென்ற படகு ஒன்று சட்டென்று நின்றது. படகின் முன்னால் திரண்ட தண்ணீர் மட்டும் நிற்காமல், வழவழப்பான ஒரு மேடாகக் கால்வாயில் தனியே ஓடத் தொடங்கியது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் ஏறி அதைப் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய 30 அடி நீளம், ஒன்று முதல் ஒன்றரை அடி உயரம், மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகம். ஒன்றிரண்டு மைல் கழித்துக் கால்வாயின் வளைவுகளில் அதைத் தவறவிட்டார். சாதாரண அலை பரவிக் கலைந்துபோகும், இது கலையவில்லை. ஆழம் குறைந்த நீரில் இப்படிப்பட்ட அலைக்கான சமன்பாட்டை 1895-இல் கொர்த்தவெக், டி வ்ரீஸ் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் எழுதினார்கள். உயரத்தை உ என்று வைத்தால்:

உ-வின் கால வகைக்கெழு + 6 × உ × (உ-வின் சரிவு) + உ-வின் மூன்றாம் சரிவு = 0

இரண்டாம் உறுப்பு அலையைக் கூர்மையாக்கப் பார்க்கிறது, மூன்றாவது அதைச் சிதறடிக்கப் பார்க்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும்போது ரஸ்ஸல் பார்த்த மேடு கிடைக்கிறது. ஒற்றை மேட்டுக்கான சூத்திரத்தை அவர்களே எழுதிவிட்டார்கள். ஆனால் எந்தத் தொடக்க நிலையைக் கொடுத்தாலும் தீர்ப்பது எப்படி என்பதற்கு மேலும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1965-இல் ஜபுஸ்கியும் கிரஸ்கலும் கணினியில் போட்டுப் பார்த்தபோது, உயரமான மேடு குட்டை மேட்டைத் துரத்திப் பிடித்து, மோதி, இரண்டும் உருமாறாமல் வெளியே வருவதைக் கண்டார்கள். அவற்றுக்குச் சொலிட்டான் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நேரியலற்ற சமன்பாட்டில் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறதென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தேடியதில், 1967-இல் கார்ட்னர், கிரீன், கிரஸ்கல், மியூரா நால்வரும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா, ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதுபோல, இந்த அலையின் வடிவத்தைக் குவாண்டம் இயற்பியலில் வரும் ஓர் ஆற்றல் பள்ளமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் வேறொரு நேரியல் அலையை விட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்கென்று சில ஆற்றல் மட்டங்கள் இருக்கும். கொர்த்தவெக்–டி வ்ரீஸ் சமன்பாட்டின்படி அலை எவ்வளவு புரண்டு நெளிந்தாலும் அந்த ஆற்றல் மட்டங்கள் கொஞ்சமும் மாறுவதில்லை! மற்ற விவரங்கள் மாறினாலும் வெறும் அடுக்குக்குறிச் சார்பாக மாறுகின்றன. ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை தட்டி ஓசையைக் குறித்துக்கொள், கா நேரத்தில் ஓசை என்னவாகும் என்று எழுது (இது மிக எளிது), அந்த ஓசையிலிருந்து பானையின் வடிவத்தைத் திரும்பக் கட்டு. மூன்று படிகளிலும் வேலை நேரியல்தான். தலைகீழ்ச் சிதறல் முறை என்று இதைச் சொல்வார்கள்.

எண்களோடு பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும். 4 ÷ (அடுக்கு(இ) + அடுக்கு(−இ))² என்பது நடுவில் உயரம் 1 உள்ள ஒரு மேடு. தொடக்க நிலை அதன் 2 மடங்காக இருந்தால் ஒரே சொலிட்டான், உயரம் 2, வேகம் 4, அப்படியே நகர்கிறது. 6 மடங்காக இருந்தால் அது இரண்டாகப் பிரிகிறது, ஒன்றின் உயரம் 8, வேகம் 16; இன்னொன்றின் உயரம் 2, வேகம் 4. 12 மடங்கென்றால் மூன்று, உயரங்கள் 18, 8, 2. 2, 6, 12 என்பவை 1×2, 2×3, 3×4. இவற்றுக்கெல்லாம் முழுச் சூத்திரம் எழுதலாம். ஆனால் 5 மடங்கு என்று கொடுத்துப் பாருங்கள்: இரண்டு சொலிட்டான்கள் வரும், கூடவே பின்னால் சிற்றலைகளும் சிதறிக் கிடக்கும், அவற்றுக்கு இப்படிக் கைக்கடக்கமான சூத்திரம் கிடையாது. முறை அங்கேயும் செல்லும், ஆனால் கடைசிப் படியில் ஒரு தொகையீட்டுச் சமன்பாடு மிஞ்சும். சமன்பாடு தீரக்கூடியதாக இருந்தாலும் சூத்திரம் தொடக்க நிலையையும் பொறுத்தது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் பல சமன்பாடுகள் சேர்ந்தன. ஒளியிழைகளில் வரும் நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை 1972-இல் ஜகாரோவும் ஷபாத்தும் தீர்த்தார்கள். 1977-இல் மு. லட்சுமணன், பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரியலற்ற இயக்கவியலுக்கென்றே ஒரு மையத்தைக் கட்டியெழுப்பியவர், ஃபெரோகாந்தத்தின் சுழல்களுக்கான (அதன் அணுக்களைக் குட்டிக் காந்தங்களாகப் பார்த்தால், அவை நோக்கும் திசைகளுக்கான) சமன்பாட்டை எடுத்து, அதை வெளியில் நெளியும் ஒரு கம்பியின் வளைவும் முறுக்குமாகப் படித்தால் அது இதே நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடுதான் என்று காட்டினார். பார்வைக்கு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றின் பூட்டைத் திறந்தால் மற்றதும் திறக்கிறது.

சரி, ஒரு சமன்பாட்டைப் பார்த்ததும் அது இந்தக் குடும்பமா என்று தெரிந்துகொள்ள முடியுமா? தோற்றத்தை வைத்துச் சொல்வது கடினம். கொர்த்தவெக்–டி வ்ரீஸ் சமன்பாட்டில் உ × சரிவு என்பதை உ² × சரிவு என்று மாற்றுங்கள், இன்னமும் தீரும். உ³ × சரிவு என்று மாற்றினால் போச்சு. தனி மேடு அங்கேயும் உண்டு, ஆனால் இரண்டு மேடுகள் மோதினால் சிற்றலைகளைச் சிந்திவிட்டுத்தான் வெளியே வரும், தலைகீழ்ச் சிதறலும் செல்லாது. ஓரளவு நம்பகமான சோதனை ஒன்று உண்டு: மாறிகள் சிக்கலெண்களாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டு, தீர்வு முடிவிலிக்குப் போகும் இடங்களைப் பார்ப்பது. அந்த இடங்களைச் சுற்றித் தீர்வு 1 ÷ இ, 1 ÷ இ² மாதிரி ஒழுங்காக வெடித்தால் நல்ல அறிகுறி. மடக்கையும் வர்க்கமூலமும் எட்டிப் பார்த்தால் கெட்ட அறிகுறி. 1888-இல் சோஃபியா கோவலெவ்ஸ்கயா சுழலும் பம்பரத்துக்கு இந்த வழியில் போய்த்தான், அதுவரை யாருக்கும் தெரியாத, தீரக்கூடிய ஒரு வகையைக் கண்டுபிடித்துப் பாரிஸ் அகாதெமியின் பரிசைப் பெற்றார். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு ஏற்றபடி 1983-இல் வைஸ், டேபர், கார்னவாலே மூவரும் இதை விரித்தார்கள். சோதனையில் தேறினால் தேடிப் பார்க்கலாம் என்றுதான் பொருள், தீர்வை அது கையில் கொடுத்துவிடாது.

எந்தக் குடும்பத்திலும் சேராத சமன்பாடுகளுக்கும் ஒன்றிரண்டு தீர்வுகளை எழுதிவிட முடிவதுண்டு. திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்குப் பொதுவான தீர்வுகள் எப்போதும் சீராகவே இருக்குமா என்பதற்கே 2000-லிருந்து பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கிறது. ஆனால் நீளமான உருண்டைக் குழாயில் சீராக ஓடும் தண்ணீருக்கு அதே சமன்பாட்டைத் தீர்ப்பது வீட்டுப்பாடக் கணக்கு, ஏனென்றால் அந்த அமைப்பில் நேரியலற்ற உறுப்பு தானாகவே சுழியாகிவிடுகிறது. சமச்சீர் கைகொடுக்கும் இடம் இது: ஓட்டம் குழாயின் நீளம் முழுக்க ஒரே மாதிரி, வட்டத்தைச் சுற்றியும் ஒரே மாதிரி என்று சொன்னதும் மாறிகள் குறைந்து, சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு மட்டும் மிஞ்சும். வடிவம் மாறாமல் நகரும் அலையைத் தேடுவதும் இதே வேலைதான்.

அப்படிக் கிடைக்கும் தீர்வுகளில் ஒரு எச்சரிக்கை உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நல்ல மரபணு மக்கள்தொகையில் பரவுவதை விளக்க ஃபிஷர் 1937-இல் எழுதிய சமன்பாடு: கால வகைக்கெழு = இரண்டாம் சரிவு + உ(1 − உ). 2-ஐவிடக் குறையாத எந்த வேகத்திலும் இதற்கு நகரும் அலை உண்டு. அவற்றில் ஒரு வேகத்துக்கு மட்டும் அழகான சூத்திரத்தை அப்லோவிட்ஸும் செப்பெடெல்லாவும் 1979-இல் கண்டுபிடித்தார்கள்: வேகம் 5 ÷ √6, அதாவது ஏறக்குறைய 2.04, இ − (5 ÷ √6)கா என்பதை √6-ஆல் வகுத்து ஃ என்று வைத்தால் உ = 1 ÷ (1 + அடுக்கு(ஃ))². பொருத்திப் பாருங்கள், கச்சிதமாகச் சரியாகும். ஆனால் அந்த மரபணு ஒரு சின்ன இடத்தில் மட்டும் தொடங்கிப் பரவினால், நாளாக ஆக அலை எந்த வேகத்தில் நிலைபெறுகிறது தெரியுமா? கோல்மகோரோவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும் அதே 1937-இல் பதில் சொல்லிவிட்டார்கள்: 2. நம் கையில் இருக்கும் சூத்திரம் 2.04-க்கானது.